வலமிருந்து நான்கு கட்டங்கள்

1941 அக்டோபர் 14

மழை. அப்பா துறைமுகம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். மூட்டை தூக்க ஆள் வேண்டாம் என்றார்களாம். "தூக்க மூட்டையே இல்லைங்கறதை எவ்வளவு மரியாதையாச் சொல்றானுங்க பாரு" என்றார். ஈரச் சட்டையைக் கழற்றாமலேயே தூங்கிவிட்டார்.

எங்கள் வாரப் பத்திரிகை மூடி ஆறு மாதமாகிறது. ஜெர்மானியர்கள் எங்கள் ஊரான சலோனிக்காவுக்குள் வந்ததும் யூதப் பத்திரிகைகளை எல்லாம் மூடினார்கள். கடைசிப் பக்கத்தில் நான்கு கட்டங்களில் ஒரு படக்கதை. ஐந்து வருடம் அதுதான் என் வேலை. ஏதென்ஸ் ஓவியக் கல்லூரியில் இருந்த இரண்டு வருடமும் தபாலில் அனுப்பினேன். பெயர் போட்டதில்லை. முதல் பக்கத்தில் பெப்போ காப்போன் தன் பெயரைப் படத்தைவிடப் பெரிதாகப் போடுவார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "என்ன, கடைசிப் பக்கம், சாப்பிட்டாச்சா?" என்பார்.

கை சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும்போது அது வேறு யாருடைய கையோ போலத் தெரிகிறது.

அக்டோபர் 19

எக்னாட்டியா தெருவில் ஒரு பெண் நடந்துகொண்டிருந்தாள். உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

பசிச் சாவு இப்போது தினமும்தான், கூட்டம் சேரவில்லை. எண்ணெய்ப் பீப்பாய்கள் ஏற்றிய ராணுவ லாரி ஒன்று அவளைச் சுற்றிக்கொண்டு போனது. ஓட்டியவன் கவனமாகத்தான் ஓட்டினான்.

கவனமாக. அந்தச் சொல் வீடு வரை கூடவே வந்தது.

அக்டோபர் 23

சுவரில் ஒட்ட ஒரு படம் போட வேண்டும் என்று திராசோஸிடம் சொல்லிவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் அவன் அச்சகம். அச்சகம் என்றால் ஒரு கையச்சு இயந்திரம், ஒரு நாற்காலி, உள்ளறையில் அவன் அம்மா. கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தான். இப்போது கல்யாணம் இல்லை. சாவு அறிவிப்பு மட்டும். கிறிஸ்தவர்கள் வீட்டில் ஒருவர் இறந்தால் கறுப்புக் கரை போட்ட தாள் அடித்துச் சுவரிலும் கம்பத்திலும் ஒட்டுவார்கள். அடிப்பதும் அவன், ஒட்டுவதும் அவன். பகல் முழுக்கப் பசை வாளியோடு சுற்றுகிறான். யாரும் நிறுத்துவதில்லை. பார்த்தால் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள்.

"எழுத்து வேணாம். படம் மட்டும்" என்றேன்.

"ஏன்?"

"உங்க கிரேக்கத்துல போட்டா எங்க கிழங்கட்டைகளுக்குப் புரியாது. எங்க எழுத்துல போட்டா உங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாது. படம்னா எல்லாருக்கும் படிக்கத் தெரியும்."

"காலேஜ்ல இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"ஆமா."

"சுவரோரமா நிறுத்திச் சுடறப்ப எப்படி நிக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்களா?"

அவன் உருளையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு, "எத்தனை அடிக்கணும்?" என்றான்.

அக்டோபர் 30

பத்திரிகை அலுவலகத்தின் பின்ஜன்னல் இன்னும் சாத்தாமல்தான் இருக்கிறது. ஆசிரியர் மேசைக்கு அடியில் தரையில் ஒட்டியிருந்த லினோலிய விரிப்பில் ஒரு துண்டு அறுத்து வந்து, செதுக்குவதற்காக மரக்கட்டை மேல் ஒட்டினேன். அடுப்பருகே காட்டினால் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படுகிறது. வெண்ணெய் என்று எழுதியிருக்கக் கூடாது.

முதல் கட்டம்: ஒரு மேசை. ரொட்டி, எண்ணெய், மீன், சுற்றிலும் ஒரு குடும்பம். வாசலில் ஒரு சிப்பாய், வெறுங்கையோடு. இரண்டாவது: மேசையில் பாதிதான் இருக்கிறது. சிப்பாயின் தோளில் பாதிச் சாக்கு. மூன்றாவது: மேசை காலி, சாக்கு முழுசு. நான்காவது: மேசையும் இல்லை, சிப்பாயும் இல்லை. தரையில் கிடக்கும் ஆட்கள்.

அவன் முகத்தில் கொடூரம் வேண்டாம். கவனம் போதும்.

கட்டையில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். கட்டையில் இடது பக்கம் இருப்பது காகிதத்தில் வலது பக்கம் விழும். இதில் நான் தவறியதே இல்லை. முதல் கட்டம் விழ வேண்டிய இடத்தில் விழுகிறதா என்று கண்ணாடியில் காட்டிப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். சரியாக இருந்தது.

மூன்றாவது குழந்தையின் தலையில் உளி நழுவிவிட்டது. இருக்கட்டும்.

நவம்பர் 4

ஒட்டியாயிற்று. செத்தவர்களுக்கு நடுவில்.

நவம்பர் 6

அப்பா சிரித்தார். வசந்தத்துக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன்.

"சந்தைப் பக்கம் சுவர்ல ஒரு படம் பார்த்தேன், வீதா. எவனோ நல்லா போட்டிருக்கான். வர்றான், எடுக்கறான், எடுக்கறான், போயிடறான். பேச்சு மூச்சு இல்ல. துறைமுகத்தானுங்க எல்லாம் நின்னு பார்த்தோம்."

"என்ன சொன்னாங்க?"

"என்னத்தைச் சொல்றது. தொட்டுப் பார்த்தோம். மாவுப் பசையான்னு ஒருத்தன் நக்கிக்கூடப் பார்த்தான். இல்லையாம், ஏதோ பிசின்."

ஐந்து வருடம் கடைசிப் பக்கத்தில் வரைந்தேன். இந்த ஒரு நாளுக்குத்தானோ என்று தோன்றியது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் தோன்றியது.

நவம்பர் 9

சூப் வரிசை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள், கிறிஸ்தவர்கள். எதிர்ச் சுவரில் என் படம்.

"பார்த்தியா, தரையில கிடந்தவங்களுக்கு மகராசன் மூட்டையோட வந்து சாப்பாடு போடறான்."

"போட்டு முடிச்சுட்டு வெறுங்கையோட வாசல்ல நிக்கிறான் பாரு, மாப்பிள்ளை மாதிரி."

"வரைஞ்சவன் எவ்வளவு வாங்கினானோ."

"சாப்பாடாத்தான் வாங்கியிருப்பான். அது அவன் வயித்துல புழுவாப் போக."

அவள் வரிசையை விட்டுப் போய்ப் படத்தில் துப்பிவிட்டுத் திரும்பி வந்து தன் இடத்தில் நின்றாள். என்னைப் பார்த்து, "இடத்தைப் பார்த்துக்கிட்டதுக்கு நன்றிம்மா" என்றாள்.

நான் படத்தைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக இடப்பக்கத்திலிருந்து பார்த்தேன்.

தரையில் கிடக்கும் ஆட்கள். பிறகு சாக்கு நிறையச் சுமந்து வரும் சிப்பாய். பிறகு பாதி மேசை நிறைகிறது. பிறகு முழு மேசை, குடும்பம், வாசலில் சாதுவாக அவன்.

எங்கள் எபிரேய எழுத்து வலமிருந்து இடம் போகிறது. எங்கள் பத்திரிகையும், என் கட்டங்களும் அப்படித்தான். அவர்களுடையது இடமிருந்து வலம். எனக்கு இது தெரியாதா? கிரேக்கம் எனக்குப் படிக்க வரும். கிரேக்கத்தில் தேர்வு எழுதியிருக்கிறேன். ஆனால் கதை என்று உட்கார்ந்ததும் கை தன் வீட்டுக்குப் போய்விட்டது. கண்ணாடியை வைத்து, கவனமாக — கவனமாக — தப்பான பக்கத்தில் போய்த் தொடங்கியிருக்கிறேன். இடவலம் மாற்ற மறந்திருந்தால் சரியாக வந்திருக்கும்.

சூப்பில் ஒரு மொச்சைதான் இருந்தது.

நவம்பர் 10

"நீதான் கிரேக்கன். நீயாவது பார்த்திருக்கக் கூடாதா?" என்று திராசோஸைக் கேட்டேன்.

"நீ முதல்லயே கதையைச் சொல்லிட்டே. நான் அந்தக் கதையைத்தான் பார்த்தேன். அப்புறம் மை சரியா ஏறியிருக்கான்னு பார்த்தேன். படத்தை யார் பார்த்தா?"

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. உள்ளே இருந்து அவன் அம்மா, "ரெண்டும் எதைத் தின்னீங்க, எனக்கும் குடுங்க" என்றாள். சிரித்து முடித்த பிறகு நான் அழுதேன் போலிருக்கிறது. அவன் எழுந்து போய்க் கட்டையை மண்ணெண்ணெயால் கழுவினான்.

நவம்பர் 15

ஜெர்மானியர்களுக்கு வால் பிடிக்கும் நாளிதழ் என் படத்தை முதல் பக்கத்தில் போட்டுவிட்டது. தலைப்பு: "நன்றியுள்ள ஒரு கலைஞர்."

எங்கள் பேட்டையில் மட்டும் அந்தத் தாள் கைக்குக் கை போகிறது. வலப்பக்கத்திலிருந்து படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். ஜெர்மானியன் காசில் ஜெர்மானியனைத் திட்டியிருக்கிறான் என்று அப்பா துறைமுகத்தில் கேட்டுவிட்டு வந்து சொன்னார். ஒரு தவறு இவ்வளவு அழகாக முடியுமா? இன்று நன்றாகத் தூங்கப் போகிறேன்.

நவம்பர் 18

முடியவில்லை.

யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். நேற்று மதியத்துக்குள் கடைகளில் மிஞ்சியிருந்த தாள்களை வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். எதற்கு என்று யாருக்கும் சொல்லவில்லை. கிறிஸ்தவர்களுக்கு அது இன்னமும் வால்பிடியின் படம்தான். ஆனால் போலீஸுக்கு இப்போது ஒன்று தெரியும்: வலமிருந்து வரைந்தவன் யூதன். யூதர்களில் படம் வரைபவன் என்றால் ஊருக்குத் தெரிந்தது ஒரு பெயர்தான். அந்தப் பெயரை அவரே வாராவாரம் பெரிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

பெப்போவைச் சாப்பாட்டு நேரத்தில் பிடித்துப் போனார்கள். கோட்டைச் சிறை.

நவம்பர் 19

போய் "நான்தான்" என்று சொல்லலாம். ஏன் போகவில்லை?

திராசோஸ் சொன்ன காரணங்கள்: உன்னைக் கேட்டால் அச்சகம் வரும், அச்சகம் வந்தால் நான், அம்மா. பெப்போவையும் விடமாட்டார்கள், உன்னையும் விடமாட்டார்கள். எல்லாம் சரி. எல்லாம் அவன் சொல்வதற்கு முன்பே நான் தயாராக வைத்திருந்தவை.

பயம். வேறென்ன.

நவம்பர் 22

சாரினா அக்காவைப் பார்க்கப் போனேன். பெப்போவின் மனைவி. தினமும் சிறை வாசலில் நின்றுவிட்டு வருகிறாள். அங்கே ஒரு மொழிபெயர்ப்பாளன் இருக்கிறான். பழைய சட்டைகளுக்குப் பதிலாகச் செய்தி சொல்கிறான்.

"இவர் என்ன சொன்னாராம் தெரியுமா? அடிச்சப்ப? 'இந்தக் கோடு என் கோடா? கண்ணில்லையா உங்களுக்கு? இது கை பழகாத யாரோ'ன்னாராம். அவங்க இன்னும் ரெண்டு போட்டாங்களாம். உசுரு போற நேரத்துலயும் இந்த மனுஷனுக்குத் தன் கோடுதான்."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

"ரயில் பாதையில எவனாவது குண்டு வெச்சாலும் உள்ள இருக்கறவங்கள்ல இருந்துதான் எடுத்துச் சுடறாங்களாம், வீதா. போன வாரம் எடுத்தாங்களாம்."

நவம்பர் 27

யோசனை: அவர் உள்ளே இருக்கும்போது அதே கையில் இன்னொரு படம் வெளியே வந்தால் வரைந்தவர் அவரில்லை என்று ஆகும்.

ஒற்றைப் படம் செதுக்கினேன். எக்னாட்டியாவில் உட்கார்ந்த அந்தப் பெண், சுற்றிக்கொண்டு போகும் லாரி. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அவள் செத்துத்தான் கிடக்கிறாள். இதில் தப்பு வர வழியில்லை. திராசோஸ் ஒட்டினான்.

டிசம்பர் 1

எடுபடவில்லை. மொழிபெயர்ப்பாளன் சாரினாவிடம் சொன்னானாம்: "ஒத்தைப் படம் யார் வேணா போடலாம். இது எவனோ கிரேக்கன்." கோடும் வெட்டும் ஒரே கை என்பதைப் பார்க்க அங்கே யாருக்கும் கண்ணில்லை. அவர்களுக்கு விளங்கியது ஒன்றே ஒன்று: எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்பது.

ஆகவே நான் மறுபடியும் அதே தவறைச் செய்ய வேண்டும். இம்முறை தெரிந்தே.

டிசம்பர் 3

திராசோஸோடு சண்டை.

"எங்க ஜனங்க கண்ணுல அது என்னவாத் தெரியும்? சொல்லு."

"தெரியும்."

"நீயே சொல்லு. உன் வாயால."

"ஜெர்மானியனுக்குப் பாடற பாட்டாத் தெரியும்."

"வீட்டுக்கு வீடு பொணம் விழுது. நான் ஒட்டற தாள்ல பாதி எனக்குத் தெரிஞ்ச பேரு. அதுக்குப் பக்கத்துல இதை நான் ஒட்டணும்?"

"ரெண்டு பக்கத்துலேர்ந்தும் ஒரே அர்த்தம் வர்ற மாதிரி போடப் பார்த்தேன். வருது. ஆனா அப்ப அது யூதன் போட்டதுன்னு தெரியாது. பெப்போ உள்ளயே இருப்பார்."

"அந்த ஆள் உன்னை ஒரு மனுஷியா மதிச்சிருக்கானா?"

"இல்ல."

"அப்புறம்?"

அப்புறம் என்ன. அவருக்குப் பதில் நான் இருந்திருக்க வேண்டும். வெளியே வந்துவிட்டேன்.

டிசம்பர் 5

அவனே வந்தான். கதவுக்கு வெளியே நின்று, "கட்டையைக் குடு" என்றான். "இன்னும் செதுக்கல" என்றேன். "அப்ப செதுக்கு. பொழுது போகுதில்ல" என்றான்.

டிசம்பர் 8

வலமிருந்து: ஒரு தெரு, நிறைய ஆட்கள், வெறும் சுவர். அடுத்ததில் ஒரு லாரி வருகிறது. ஆட்கள் குறைகிறார்கள், சுவரில் கறுப்புக் கரைத் தாள்கள் சில. அடுத்ததில் இன்னும் குறைவு. கடைசியில் தெருவில் யாருமில்லை. சுவர் முழுக்கத் தாள்கள்.

இடமிருந்து பார்த்தால்: செத்த ஊருக்கு லாரி வருகிறது, தாள்கள் மறைகின்றன, தெரு நிறைகிறது.

நான் செய்ததிலேயே நல்ல வேலை இதுதான். காலிச் சுவரை அப்படியே வெட்டி எடுக்காமல் விட்டிருக்கிறேன். ஓரங்களில் உளியின் தடம் மழை மாதிரி விழுகிறது. ஒரு மனிதனை வெளியே எடுக்கத் திருட்டுச் சாவி செய்கிறேன், அதில் போய் நகாசு வேலை. என்ன பிறவி நான்?

நாளை காலை ஒட்டுகிறான்.

டிசம்பர் 9

திராசோஸை அடித்துவிட்டார்கள்.

ஜெர்மானியர்கள் இல்லை. மாதா கோயில் திருப்பத்தில் மூன்று பையன்கள், கிரேக்கர்கள். ராத்திரியில் ஜெர்மானியனுக்கு எதிராகச் சுவரில் எழுதும் கூட்டத்தைச் சேர்ந்தவர்களாம். நல்ல பையன்கள். ஒருவனுடைய அம்மாவின் சாவு அறிவிப்பைத் திராசோஸ் போன வாரம்தான் ஒட்டினான். "எங்கம்மாவுக்கு ஒட்டின அதே கையாலயா இதை ஒட்டறே, அவளை அழிச்சுட்டியேடா" என்று கத்தினானாம்.

விலா உடைந்திருக்கிறது. மூச்சு விடும்போது ஏதோ சத்தம்.

"சொன்னேன் வீதா. வலப்பக்கத்துலேர்ந்து பாருங்கடான்னு சொன்னேன். ஒருத்தன் பார்க்கக்கூடச் செஞ்சான். அதுக்குள்ள மத்தவன் அடிச்சுட்டான்."

டிசம்பர் 11

டாக்டர் வந்து பார்த்தார். பால் கொடுங்கள் என்றார். எங்கே இருக்கு பால்? எந்த ஊர்ல இருக்கார் அந்த டாக்டர்? முட்டை குடுங்க, பால் குடுங்க, வெயில்ல உக்கார வைங்க — ஏன், சுவிட்சர்லாந்துக்கு அனுப்புங்களேன்.

அப்பா எங்கிருந்தோ ஒரு குவளை ஆட்டுப்பால் வாங்கி வந்தார். திராசோஸ் பாதி குடித்துவிட்டு மீதியை அம்மாவுக்குத் தள்ளினான். அவள் அவனுக்குத் தள்ளினாள். ஆறிப்போயிற்று.

டிசம்பர் 13

காலையில்.

டிசம்பர் 14

அவனுக்குச் சாவு அறிவிப்பு அடிக்க ஆளில்லை. நானே எழுத்துக் கோத்தேன், கிரேக்கத்தில். கறுப்புக் கரையை எங்கே வைத்திருக்கிறான் என்று தேட வேண்டியிருக்கவில்லை. இயந்திரத்திலேயே ஏற்றியபடி இருந்தது.

ஒட்டினேன். ஒரு மணி நேரத்தில் கிழித்துவிட்டார்கள். ஒன்றை மட்டும் கிழிக்காமல் குறுக்கே "துரோகி" என்று எழுதியிருந்தார்கள்.

அடக்கத்துக்குப் பாதிரியார், அவன் அம்மா, என் அப்பா, நான். அவனுடைய ஆட்கள் ஒருவரும் வரவில்லை. அப்பா தோள் கொடுத்தார். மூட்டை தூக்கியவர், தனியாகவே ஒரு பக்கம் தாங்கினார்.

அவன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படம் என்னுடையது, இப்படிப் படிக்க வேண்டும், இதற்காகச் செய்தோம் என்று. விரலால் கட்டம் கட்டமாகக் காட்டினேன். கடைசி வரை கேட்டாள்.

"சரி. அதை யார்கிட்ட போய்ச் சொல்லட்டும் நான்? வலப்பக்கத்துலேர்ந்து பாருங்கன்னு வீடு வீடாக் கதவைத் தட்டட்டுமா? அப்படிச் சொன்னா உன்னைப் பிடிச்சுக்குவாங்க. உங்கப்பனைப் பிடிச்சுக்குவாங்க."

பிறகு, "நீ இனிமே இங்க வராதே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

டிசம்பர் 17

பெப்போவை விட்டுவிட்டார்கள்.

டிசம்பர் 20

வீட்டுக்கு வந்திருந்தார், தொப்பியோடு. பாதி ஆளாகியிருக்கிறார். மீசையை மட்டும் திருத்தியிருந்தார்.

"என்ன, கடைசிப் பக்கம், சாப்பிட்டாச்சா?" — கேட்டுவிட்டு அவரே வெட்கப்பட்டார்.

"ரெண்டாவது படத்தை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினான். இது யாருடான்னான். என்னைவிட மட்டமான ஒருத்தன்னேன். நீ உள்ள இருக்கறப்ப வந்திருக்கு, போய்த் தொலைன்னான். அவ்வளவுதான். ஒரு மாசம் என்னைப் பிழிஞ்சதுக்கு ஒரு நாற்காலிகூடப் போடல."

அப்பா சிரித்தார். பெப்போ என் கையைப் பார்த்தார். நகக் கண்ணில் மை, கழுவினால் போவதில்லை.

"லாரிச் சக்கரம் சரியில்ல. முட்டை மாதிரி இருக்கு" என்றார்.

"இருக்கும்" என்றேன்.

"ஆனா அந்தக் காலிச் சுவர்..." என்றவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஒருவர் வெளியே வந்தார். ஒருவன் போனான். இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்கக் கூடாது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

1942 பிப்ரவரி 2

பனி. எதுவும் செய்யவில்லை.

ஏப்ரல் 16

ஒரு பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன்: இனிப் படம் போட்டால் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவேன்? எனக்கே தெரியவில்லை. பென்சிலைக் காகிதத்தில் வைத்தால் அது நடுவில் நிற்கிறது.

ஜூலை 9

உத்தரவு: பதினெட்டிலிருந்து நாற்பத்தைந்து வயது வரையுள்ள யூத ஆண்கள் எல்லோரும் சனிக்கிழமை காலை சதுக்கத்துக்கு வர வேண்டும். எங்கள் ஓய்வு நாளில்தான் வர வேண்டுமாம். அப்பாவுக்கு ஐம்பத்தேழு, தப்பித்தார்.

பெப்போவுக்கு உண்மையில் நாற்பத்தெட்டு. காகிதத்தில் நாற்பத்துநான்கு. சாரினாவைக் கட்டிக்கொள்ளும்போது நான்கு வருடத்தைக் குறைத்துப் போட்டிருக்கிறார்.

"நாற்பத்தெட்டையே கட்டியிருப்பேனே, மனுஷா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று சாரினா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் டை கட்டிக்கொண்டிருந்தார். "சின்னவனாத் தெரியறேன்ல? அதுதான் பிரச்சினை" என்றார்.

ஜூலை 11

சதுக்கத்தைப் பார்த்த ஒரு மாடியில் நின்றேன். சாரினா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெயில். தலையை மூடக்கூடாது என்றார்கள். பெப்போ தொப்பியைக் கழற்றினார். அவர் வழுக்கையை நான் பார்த்தது இன்றுதான். சாரினாவைத் தவிர யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். குதிக்கச் சொன்னார்கள், குதித்தார்கள். உருளச் சொன்னார்கள். விழுந்தவர்கள்மேல் தண்ணீர் ஊற்றினார்கள். எதிர் மாடியிலிருந்து கைதட்டல் கேட்டது. யாரோ படம் எடுத்தார்கள்.

பெப்போ கரணம் போட்டார். டை முகத்தில் விழுந்தது. எழுந்து அதைச் சரி செய்துகொண்டு மறுபடியும் போட்டார்.

என்னிடம் காகிதம் இருந்தது.

இல்லை. வரையவில்லை.

ஆகஸ்ட் 3

தெற்கே சதுப்பு நிலத்தில் சாலை போட அனுப்பியிருக்கிறார்கள். அவரையும்.

செப்டம்பர் 8

பெப்போவின் துக்க வீட்டுக்குப் போய் வந்தேன். மலேரியா. செய்தி வந்தபோது புதைத்து ஒரு வாரமாகியிருந்தது.

எங்கள் வழக்கப்படி கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். மூடாத சுவரில் அந்த நாளிதழின் முதல் பக்கம்: நன்றியுள்ள ஒரு கலைஞர். பறிமுதல் செய்தபோது சாரினா ஒன்றை மெத்தைக்குள் தைத்து வைத்திருந்தாளாம்.

"போறதுக்கு முந்தின நாள் என்கிட்ட சொன்னார்" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "'சாரினா, அது நான்தான். ரெண்டும் நான்தான். முதல்ல போட்டதும் நான், உள்ள இருந்துக்கிட்டே ஆள் வெச்சு ரெண்டாவதைப் போட்டதும் நான். அவனுங்க எவ்வளவு அடிச்சும் ஒத்துக்கல'ன்னார். எனக்கு அது அப்பவே தெரியும். வேற யாருக்கு வரும் அந்தத் தைரியம்?"

அப்பாவோடு மூட்டை தூக்கிய ஒருவர் மெல்ல இருமினார். "பெப்போ எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவான், பாவம்."

சாரினா என் பக்கம் திரும்பினாள். "வீதா, அஞ்சு வருஷம் அவரோட ஒரே பத்திரிகையில வேலை பார்த்தவ நீ. அவர் கோடு உனக்குத் தெரியாதா? சொல்லு இவங்களுக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். மேசைக்கால். சாக்கின் மடிப்பு. மூன்றாவது குழந்தையின் தலையில் உளி நழுவிய இடம்.

"அவர் கைதான்" என்றேன்.

மூட்டைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். யாரோ அழத் தொடங்கினார்கள். சாரினா அழவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்தாள். துக்க வீட்டில் வழக்கமாகக் கொடுக்கும் முட்டை ஒன்றை உரித்து என் கையில் வைத்தாள், "சாப்பிடு" என்றாள். சாப்பிட்டேன். பசியாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது எதிரே திராசோஸின் அம்மா. தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரோரமாக ஒதுங்கி, தலையைக் குனிந்து வழி விட்டாள். இப்போதெல்லாம் தெருவில் எல்லோருக்கும் அப்படித்தான் வழி விடுகிறாள்.

நான் கடந்து போனேன்.